மிக்சரின் பலன்ஸ்ட் வெளியீட்டிலிருந்து சாதாரண ஹெட்போனுக்கு: புதியவர்களுக்கான வழிகாட்டி

கோயில் திருவிழாவையோ, வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடப்படும் குளிர்த்திப் பாடல்களையோ, வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்படும் கூத்தையோ ஒலிப்பதிவு செய்யத் தொடங்கும் ஒருவர், மிக்சரும் மைக்கும் வாங்கியவுடன் முதலில் செய்ய நினைப்பது ஹெட்போனை மாட்டி, பதிவாகும் ஒலி சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதுதான். மிக்சரின் பின்புறத்தில் ‘பலன்ஸ்ட்’ என்று எழுதப்பட்ட கால் அங்குலத் துளை இருக்கிறது. ஹெட்போனின் பிளக்கோ அந்தத் துளைக்குள் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்துகிறது. ஆனால் கேட்கும்போது பாடுபவரின் குரல் எங்கோ வெறுமையாக மிதக்கிறது, அல்லது ஒரு காதில் மட்டும் கேட்கிறது, அல்லது ஒலி மெலிந்து போகிறது. ஹெட்போன் பழுது என்று எண்ணி வேறொன்று வாங்குபவர்களும் உண்டு. பெரும்பாலும் பழுது எதிலும் இல்லை. இரண்டு வேறு வேலைகளுக்கான பிளக்குகள் ஒரே உருவத்தில் இருப்பதே இதற்குக் காரணம். அந்த வேறுபாட்டை முதலில் தெளிவாக விளங்கிக்கொண்டால், இணைக்கும் முறை தானாகவே புரிந்துவிடும்.

6.35 மில்லிமீற்றர் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருந்தால், அவற்றால் பிரிக்கப்பட்ட மூன்று உலோகப் பகுதிகள் இருக்கும். நுனியிலுள்ளதை முனை என்றும், நடுவிலுள்ளதை வளையம் என்றும், கைப்பிடிக்கு அருகிலுள்ள நீண்ட பகுதியை உறை என்றும் இங்கே அழைப்போம். ஸ்டீரியோ ஹெட்போனில் முனை இடது காதுக்கும், வளையம் வலது காதுக்கும் உரியன. உறை இரண்டு காதுகளுக்கும் பொதுவான திரும்பும் வழி. அதாவது மூன்று தொடுமுனைகளில் இரண்டு சனல்கள் செல்கின்றன.

பலன்ஸ்ட் வெளியீட்டில் அதே மூன்று தொடுமுனைகளில் ஒரே ஒரு சனல் மட்டுமே செல்கிறது. முனையில் நேர்ச் சமிக்ஞையும், வளையத்தில் அதையே தலைகீழாகத் திருப்பிய மறைச் சமிக்ஞையும் செல்ல, உறை கவசக் கம்பியுடன் இணைந்து நிலமாக (கிரவுண்ட்) நிற்கிறது. ஒலிபெருக்கிக்காரர்கள் கனன் என்று சொல்லும் மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர் பிளக்கிலும் இதே ஒழுங்குதான்: முதலாவது ஊசி நிலம், இரண்டாவது நேர், மூன்றாவது மறை. இவ்வளவு சுற்றுவழி எதற்கென்றால், மேடையிலிருந்து மிக்சர் வரையோ, மிக்சரிலிருந்து ஸ்பீக்கர் வரையோ கேபிள் முப்பது, நாற்பது மீற்றர் ஓடும்போது, வழியிலுள்ள ஜெனரேற்றர் வயரும் மின்விளக்கு அலங்காரங்களும் அதற்குள் இரைச்சலைத் தூண்டுகின்றன. அந்த இரைச்சல் நேர்க் கம்பியிலும் மறைக் கம்பியிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறுகிறது. மறுமுனையிலுள்ள கருவி இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்து, சமிக்ஞை மட்டும் எஞ்சுகிறது. திருவிழா வீதியில் இந்த ஏற்பாடு இல்லாமல் சுத்தமான ஒலியைப் பெறுவது மிகக் கடினம்.

இப்போது ஹெட்போனை நேரடியாக அந்தத் துளையில் மாட்டினால் என்ன நடக்கும் என்பது விளங்கும். இடது காதுக்கு நேர்ச் சமிக்ஞையும், வலது காதுக்கு அதே சமிக்ஞையின் தலைகீழ் வடிவமும் போகின்றன. இடது ஒலித்தட்டு முன்னே தள்ளும் கணத்தில் வலது ஒலித்தட்டு பின்னே இழுக்கிறது. கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரல் தலையின் நடுவே நிற்க வேண்டியது, இரு பக்கங்களுக்கும் பிய்ந்து, இடம் சொல்ல முடியாத ஒரு வெறுமையாகக் கேட்கிறது. மத்தளத்தின் அடித்தொனியும் தன் கனத்தை இழக்கிறது. அத்துடன் நீங்கள் கேட்பது ஒரு பக்கச் சனல் மட்டுமே. மற்றச் சனல் பக்கத்துத் துளையில் தனியாக இருக்கிறது. இந்த நிலையில் கேட்டு மைக்கின் இடத்தையோ தொனிக் குமிழ்களையோ மாற்றுவது பெரும் தவறில் முடியும், ஏனெனில் இல்லாத குறையைத் திருத்தப்போய் நல்ல பதிவைக் கெடுத்துவிடுவீர்கள்.

சில மலிவான மிக்சர்களில் வளையத்தில் மறைச் சமிக்ஞை செலுத்தப்படுவதில்லை. அது ஒரு தடையின் ஊடாக நிலத்துடன் இணைக்கப்பட்டிருக்கும். இரைச்சலைக் கழிப்பதற்கு அதுவே போதுமானது என்பதால் அதையும் பலன்ஸ்ட் என்று அழைப்பது பிழையல்ல. அத்தகைய வெளியீட்டில் ஹெட்போனை மாட்டினால் இடது காதில் மட்டும் ஒலி வரும். வலது காது மௌனமாக இருக்கும்.

வலுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வெளியீடுகள் அடுத்த கருவியின் உள்ளீட்டுக்குச் சமிக்ஞை அனுப்புவதற்காகச் செய்யப்பட்டவை. அந்த உள்ளீடுகள் பொதுவாகப் பத்தாயிரம் ஓம் அல்லது அதற்கு மேல் தடங்கல் (இம்பீடன்ஸ்) உள்ளவையாதலால், அவை மிகச் சிறிதளவு மின்னோட்டத்தையே எடுக்கின்றன. ஹெட்போன் அப்படியல்ல. சோனி எம்டிஆர்-7506 ஹெட்போனின் தடங்கல் 63 ஓம்; ஓடியோ-டெக்னிக்கா ஏடிஎச்-எம்50எக்ஸ் 38 ஓம்; கைப்பேசியுடன் வரும் சிறிய காதுக்கருவிகள் பலவும் 16 அல்லது 32 ஓம். வெளியீட்டின் உட்தடங்கல் 100 ஓம் என்றும் ஹெட்போன் 32 ஓம் என்றும் வைத்துக்கொண்டால், மின்னழுத்தத்தில் 132 இல் 32 பங்கு, அதாவது கால்வாசிக்கும் குறைவான பகுதியே காதுக்கு வந்து சேரும். மேலும் பல ஹெட்போன்களின் தடங்கல் தொனிக்குத் தொனி மாறுவதால், ஒலியின் நிறமும் மாறிவிடும். ஹெட்போனை இயக்கும் கருவியின் உட்தடங்கல் ஹெட்போனின் தடங்கலில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். ஆகவே இடையில் ஒரு ஹெட்போன் அம்பிளிபயர் தேவைப்படுகிறது. அடப்டர் பிளக் எதுவும் அதன் வேலையைச் செய்யாது.

முதற் படி: எந்தத் துளை எது என்று அடையாளம் காணுதல்

எதையும் மாட்டுவதற்கு முன், கருவியின் மேற்புறத்தையும் பின்புறத்தையும் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு துளையின் பெயரையும் வாசியுங்கள். ‘போன்ஸ்’ என்ற பெயரோ ஹெட்போன் படமோ உள்ள துளை இருந்தால், உங்கள் தேவை அங்கேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பின்னால் சிறிய அம்பிளிபயர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதன் முனையில் இடதும் வளையத்தில் வலதும் வருகின்றன. சிறிய மிக்சர்களிலும் யூஎஸ்பி ஒலி இடைமுகங்களிலும் பெரும்பாலும் இந்தத் துளை இருக்கும். அதை விட்டுவிட்டுப் பிரதான வெளியீட்டில் ஹெட்போனை மாட்டுவதற்கு நியாயமே இல்லை.

இந்தப் படியிலேயே ஓர் எச்சரிக்கையையும் மனதில் இருத்துங்கள். கோயில்களில் குழாய் ஸ்பீக்கர்களை இயக்கும் பழைய அம்பிளிபயர்களின் பின்புறத்தில் 70 வோல்ற் அல்லது 100 வோல்ற் என்று குறிக்கப்பட்ட ஸ்பீக்கர் முனைகள் இருக்கும். வேறு சில அம்பிளிபயர்களில் ஸ்பீக்கருக்கான வெளியீடே கால் அங்குலத் துளையாக இருக்கும். இவற்றில் எதிலும் எந்த அடப்டரைக் கொண்டும் ஹெட்போனை இணைக்கக் கூடாது. ஹெட்போன் கணப்பொழுதில் எரிந்துபோகும். அதைக் காதில் வைத்திருந்தால் செவிக்கு மீளாத சேதம் ஏற்படலாம். துளையின் பெயர் அழிந்துபோய் எதுவென்று தெரியாவிட்டால், அதை ஸ்பீக்கர் வெளியீடு என்றே எடுத்துக்கொண்டு ஒதுங்குவது நல்லது.

இரண்டாம் படி: பொருத்தமான ஹெட்போன் அம்பிளிபயரைத் தேர்ந்தெடுத்தல்

‘போன்ஸ்’ துளை இல்லாத வேளையிலும், அது வேறொருவரின் பாவனையில் இருக்கும் வேளையிலும், மிக்சரின் இடது, வலது பலன்ஸ்ட் வெளியீடுகள் இரண்டையும் ஒரு ஹெட்போன் அம்பிளிபயருக்குக் கொண்டு செல்ல வேண்டும். வாங்கும்போது அதன் உள்ளீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இடதுக்கு ஒன்றும் வலதுக்கு ஒன்றுமாக இரண்டு பலன்ஸ்ட் உள்ளீடுகள் உள்ளதை வாங்கினால், இரண்டு சாதாரண பலன்ஸ்ட் கேபிள்களை நேருக்கு நேர் மாட்டிவிட்டு, ஹெட்போனை முன்புறத்தில் செருகினால் போதும். விலை சற்றுக் கூடினாலும், புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் பிழை விடுவதற்கான இடம் அதில் மிகக் குறைவு. மேலும் கேபிள் நீண்டாலும் இரைச்சல் ஏறாது.

நம் பகுதியில் பரவலாகக் கிடைக்கும், நான்கு ஹெட்போன்களை மாட்டக்கூடிய மலிவான அம்பிளிபயர்கள் பலவற்றில் உள்ளீடு ஒன்றே ஒன்றுதான். அது ஸ்டீரியோ உள்ளீடு: முனை இடது, வளையம் வலது. இதில் ஒரு பலன்ஸ்ட் கேபிளை நேராக மாட்டினால், மேலே சொன்ன அதே தலைகீழ்க் கோளாறு இன்னும் உரத்த ஒலியில் திரும்பி வரும். கேபிளும் பொருந்தும், ஒலியும் கேட்கும் என்பதால் இந்தத் தவறு நீண்ட காலம் கண்டுபிடிக்கப்படாமலே இருந்துவிடுகிறது. இத்தகைய அம்பிளிபயருக்குக் கீழே சொல்லும் கேபிள் தேவை. சில அம்பிளிபயர்களில் மோனோ, ஸ்டீரியோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரே ஒரு பலன்ஸ்ட் கேபிளை மாட்டிவிட்டு அந்தச் சுவிட்சை நம்பாதீர்கள்; மோனோவில் அது முனையையும் வளையத்தையும் கூட்டுவதானால், நேரும் மறையும் ஒன்றையொன்று அழித்து ஒலி ஏறத்தாழ மறைந்துவிடும்.

மூன்றாம் படி: இரண்டை ஒன்றாக்கும் கேபிள்

தேவையானது, ஒரு பக்கத்தில் மூன்று தொடுமுனையுள்ள ஸ்டீரியோ பிளக் ஒன்றும், மறுபக்கத்தில் மிக்சருக்கான இரண்டு பிளக்குகளும் உள்ள கேபிள். இடது பக்கப் பிளக்கின் முனையிலிருந்து வரும் கம்பியை ஸ்டீரியோ பிளக்கின் முனையில் பற்றவையுங்கள். வலது பக்கப் பிளக்கின் முனையிலிருந்து வரும் கம்பியை ஸ்டீரியோ பிளக்கின் வளையத்தில் பற்றவையுங்கள். இரண்டு பக்கத்து உறைகளிலிருந்தும் வரும் கவசக் கம்பிகளை ஒன்றாக முறுக்கி ஸ்டீரியோ பிளக்கின் உறையில் இணையுங்கள். மிக்சர் எக்ஸ்எல்ஆர் வெளியீடு உள்ளதாக இருந்தால், முனைக்குப் பதிலாக இரண்டாவது ஊசியையும் உறைக்குப் பதிலாக முதலாவது ஊசியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சியிருப்பது மறைச் சமிக்ஞை வரும் வளையம், அல்லது மூன்றாவது ஊசி. அதை என்ன செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். விடை மிக்சரின் வெளியீட்டுச் சுற்றைப் பொறுத்தது. இன்றைய சாதாரண மிக்சர்களில் நேருக்கும் மறைக்கும் தனித்தனியாகச் சிறிய பெருக்கிகள் இருக்கின்றன. அவற்றில் மறையை எதனுடனும் இணைக்காமல் விட்டுவிடுவதே பாதுகாப்பானது. வெளியீட்டில் டிரான்ஸ்போமர் உள்ள கருவிகளிலோ, டிரான்ஸ்போமரைப் போல நடந்துகொள்ளும்படி அமைக்கப்பட்ட மிதக்கும் சுற்றுள்ள கருவிகளிலோ மறையை நிலத்துடன் இணைத்தால்தான் சுற்று முழுமையாகும். இணைக்காவிட்டால் ஒலி மெலிந்து, உமி போலக் கேட்கும். கருவியுடன் வரும் கைந்நூலில், பலன்ஸ்ட் அல்லாத உள்ளீட்டுடன் எப்படி இணைப்பது என்ற பகுதி அநேகமாக இருக்கும்; அங்கே சொல்லப்பட்டதே இறுதி வார்த்தை. கைந்நூல் இல்லையென்றால் முதலில் இணைக்காமல் விட்டுப் பாருங்கள்.

கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ‘இன்சர்ட்’ கேபிளும் இதே உருவமுடையதுதான். ஆனால் அதன் இரண்டு தனிப் பிளக்குகளிலும் வளையம் இல்லை. உறையே நீண்டு வளையத்தின் இடத்தையும் பிடித்துக்கொள்வதால், அது மறைச் சமிக்ஞையை நிலத்துடன் இணைத்துவிடும். பல சிறிய மிக்சர்கள் இதைத் தாங்குமாறு செய்யப்பட்டவை. எனினும் கைந்நூலில் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டே பயன்படுத்துங்கள்.

நேர்ப்பக்கத்தை மட்டும் எடுப்பதால், இரண்டு பக்கமும் செலுத்தப்படும் வெளியீட்டில் சமிக்ஞை பாதியாகும், அதாவது 6 டெசிபெல் குறையும். அதை அம்பிளிபயரின் குமிழால் ஈடுசெய்யலாம். இந்தக் கேபிள் பலன்ஸ்ட் அல்ல என்பதால் மூன்று மீற்றருக்கு மேல் நீட்டாதீர்கள். அம்பிளிபயரை மிக்சருக்குப் பக்கத்திலேயே வைத்து, நீளம் தேவைப்பட்டால் ஹெட்போன் பக்கத்தில் நீட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு வெளியீட்டை இரண்டு உள்ளீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது பொதுவாகத் தீங்கற்றது. இரண்டு வெளியீடுகளை ஒரே கம்பியில் சேர்ப்பதோ தவறு, ஏனெனில் ஒன்று மற்றொன்றின் எதிரே மின்னோட்டத்தைச் செலுத்தும். ஸ்டீரியோவை மோனோவாக்க எண்ணி, இடது, வலது கம்பிகளை ஒன்றாகப் பற்றவைக்க வேண்டாம்.

நான்காம் படி: இயக்குதலும் சோதித்தலும்

அம்பிளிபயரின் ஒலிக் குமிழை முழுவதும் குறைத்து, ஹெட்போனைக் காதில் வைக்காமல் மேசையில் வைத்துவிட்டு, முதலில் மிக்சரையும் பின்னர் ஹெட்போன் அம்பிளிபயரையும் இயக்குங்கள். நிறுத்தும்போது இந்த ஒழுங்கு தலைகீழாக வேண்டும். அதன் பின்னரே ஹெட்போனை அணிந்து, குமிழை மெல்லக் கூட்டுங்கள்.

சோதனைக்குக் குரல் நடுவில் அமைந்த ஏதாவதொரு நல்ல ஸ்டீரியோப் பாடலை மிக்சருக்குள் விடுங்கள். குரல் தலையின் நடுவே உறுதியாக நின்றால் இணைப்புச் சரி. குரல் மட்டும் வெறுமையாக, இடமற்றுக் கேட்டால் எங்கோ நேரும் மறையும் மாறியிருக்கின்றன. அடுத்து, ஒலியை இடம் வலமாக நகர்த்தும் மிக்சரின் பான் குமிழை இடப்பக்கம் முழுதாகத் திருப்புங்கள். ஒலி இடது காதில் மட்டும் கேட்க வேண்டும். இரண்டு காதிலும் கேட்டால் ஒரு பலன்ஸ்ட் கேபிள் ஸ்டீரியோ உள்ளீட்டுக்குள் போயிருக்கிறது என்று பொருள்.

திருவிழாக்களில் சுற்றுப்புறச் சத்தத்தை மேவுவதற்காக ஹெட்போனின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும் பழக்கம் மிக ஆபத்தானது. வாரத்தில் 40 மணி நேரம் 80 டெசிபெல் என்பதே உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை. ஒலி 3 டெசிபெல் கூடும் ஒவ்வொரு தடவையும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. வெளிச் சத்தத்தைத் தடுக்கும் மூடிய வகை ஹெட்போனைத் தெரிவு செய்தால் குமிழைக் கூட்டும் தேவை குறையும்.

பலன்ஸ்ட் ஹெட்போன் வெளியீடு என்பது வேறு

இதுவரை சொன்னது மிக்சர் வெளியீட்டைப் பற்றியது. ‘பலன்ஸ்ட்’ என்று எழுதப்பட்ட ஹெட்போன் துளைகளும் பாடல் கேட்கும் சில கருவிகளில் இருக்கின்றன: நான்கு ஊசி எக்ஸ்எல்ஆர், 2.5 மில்லிமீற்றர், 4.4 மில்லிமீற்றர் ஆகியன. இவற்றில் இடதுக்கு ஒரு நேரும் ஒரு மறையும், வலதுக்கு ஒரு நேரும் ஒரு மறையுமாக நான்கு கம்பிகளும் தனித்தனி அம்பிளிபயர்களால் செலுத்தப்படுகின்றன. சாதாரண ஹெட்போனிலோ இடதின் திரும்பும் வழியும் வலதின் திரும்பும் வழியும் பிளக்கிலேயே ஒன்றாகிவிட்டன. அதை அடப்டர் வைத்து இங்கே மாட்டினால் இரண்டு மறை அம்பிளிபயர்களின் வெளியீடுகளும் ஒன்றோடொன்று குறுக்காகும். கருவி சூடேறிப் பழுதடையக்கூடும். இணையத்தில் விற்கப்படும் சிறிய அடப்டர்களை நம்பி விலை உயர்ந்த கருவியைப் பணயம் வைக்காதீர்கள்.

பெரும்பாலான இத்தகைய கருவிகளில் பக்கத்திலேயே 3.5 அல்லது 6.35 மில்லிமீற்றர் சாதாரணத் துளையும் இருக்கும். சாதாரண ஹெட்போனுக்கு அதுவே உரிய இடம். பலன்ஸ்ட் துளையில்தான் கேட்க வேண்டும் என்றால், ஹெட்போனின் கேபிளையே மாற்ற வேண்டும். சென்ஹைசர் எச்டி 600 போல இரண்டு கிண்ணங்களுக்கும் தனித்தனியாகக் கம்பி போகின்ற, கழற்றி மாட்டக்கூடிய கேபிள் உள்ள ஹெட்போனில் அது எளிது. ஒரு கிண்ணத்துக்குள் மூன்று கம்பிகள் மட்டும் போகும் ஹெட்போனில், உள்ளே திறந்து நான்காவது கம்பி இழுக்காமல் அது முடியாது.

4.4 மில்லிமீற்றர் பிளக்கில் ஐந்தாவது தொடுமுனையாக நிலம் இருப்பதால், இரண்டு மறைகளையும் விட்டுவிட்டு நிலத்தைப் பொதுவாக எடுக்கும் சரியான அடப்டரைச் செய்ய முடியும். கருவியும் அந்த நிலத்தை இணைத்திருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். கையிலிருக்கும் அடப்டர் எவ்வகை என்று மல்டிமீற்றரால் அறியலாம். ஹெட்போனை மாட்டாமல், மீற்றரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, நுனியிலிருந்து எண்ணும்போது இரண்டாவதையும் நான்காவதையும் தொடுங்கள். சத்தம் எழுந்தால் மறைகள் ஒன்றாக இணைந்திருக்கின்றன. அந்த அடப்டரைப் பயன்படுத்தக் கூடாது.

ஒலிப்பதிவைக் கண்காணிக்கும் வேலைக்கு இந்த வகை வெளியீடு தேவையில்லை என்பதே என் துணிபு. ஹெட்போன் கேபிள் இரண்டு, மூன்று மீற்றர்தான். அதில் கழிக்க வேண்டிய இரைச்சல் எதுவும் ஏறுவதில்லை. அதிக வலு வேண்டிய சில ஹெட்போன்களுக்கு மட்டுமே அது உண்மையில் உதவுகிறது.

இரைச்சலும் துருவும்

எல்லாம் சரியாக இணைத்த பின்னரும் தாழ்ந்த ‘ம்ம்’ என்ற ஒலி கேட்டால், அது பெரும்பாலும் நமது 50 ஹேர்ட்ஸ் மின்வலையிலிருந்து வருவது. மிக்சரும் அம்பிளிபயரும் மண்டபத்தின் வெவ்வேறு மூலைகளிலுள்ள மின்துளைகளில் செருகப்பட்டிருந்தால், இரண்டையும் ஒரே பலகைக்குக் கொண்டு வாருங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். புவித்தொடுப்பு ஊசியை முறித்தோ, இரண்டு ஊசி மாற்றியைப் போட்டோ இரைச்சலை அடக்க முயலக் கூடாது. மழைக்கால ஈரத்தில் மைக்கைப் பிடித்து நிற்பவரின் உயிர் அந்த ஊசியில் தங்கியிருக்கிறது.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் எழுவான்கரை ஊர்களிலும், கல்முனை முதல் பொத்துவில் வரையான கரையோரத்திலும் உப்புக் காற்று பிளக்குகளை விரைவில் மங்கச் செய்கிறது. பிளக்கைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ, ஒரு காது விட்டு விட்டுக் கேட்டாலோ, கம்பியைச் சந்தேகிப்பதற்கு முன் ஐசோபுரோபைல் அல்கஹோல் தோய்த்த துணியால் பிளக்கைத் துடைத்து, துளைக்குள் சில தடவை செருகி எடுங்கள். மார்கழி மழை தொடங்குமுன் கேபிள்களைக் காற்றுப் புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளுடன் எடுத்து வையுங்கள். நீங்களே பற்றவைத்த கேபிளுக்கு மட்டும் ஒரு சிறிய தாள் ஒட்டி, மறைக் கம்பி விடப்பட்டதா, நிலத்துடன் இணைக்கப்பட்டதா என்று எழுதிவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அடுத்த திருவிழாவில் அதை எடுத்து மாட்டுபவர் வேறொருவராகவும் இருக்கலாம்.